பூஜ்யமாவது ஆள்

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் அண்ணிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தலைகால் புரியவில்லை. அண்ணி என்பது வீட்டில் நாத்தனார் கூப்பிடும் முறை. ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொடுக்க வந்த நாத்தனார் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டதிலிருந்து, அவளைவிடப் பெரியவரான டாக்டரம்மாவுக்கும் அவள் அண்ணிதான்.

அவள் தன் கையால் எழுதிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் முந்தின மாலைதான் ஓடியிருந்தது. மறுநாள் வரவேண்டியவர்களின் பெயர்களை வரிசையாக எடுத்து, 'நாளை உங்கள் முறை, மறக்காமல் வாருங்கள்' என்று ஒவ்வொருவர் செல்போனுக்கும் செய்தி அனுப்பிவிடும். இனிமேல் தொண்டைத் தண்ணீர் வற்ற ஒவ்வொருவராக அழைக்க வேண்டாம்.

ஆனால் காலையில் முதல் ஆள் வரவே இல்லை. டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் டாண் டாண் என்று வந்துவிட்டார்கள்.

மதியம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் அந்த முதல் ஆள். கால்பந்து நடுவர். போன வாரம் பந்து பட்டு முன்பல் போயிருந்தது.

"எனக்கு மட்டும் ஏம்மா ஷெய்தி வரல? ஞாயித்துக்கிழமை பைனல். விஷில் ஊதினா காத்துதான் வருது. பஷங்க ஷிரிக்கிறானுங்க!"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகவே வரச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போனதும் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் டவுன் பஸ் டிரைவர். ஆரம்பநிலை புரோகிராமிங் வகுப்பில் முதலில் சேர்ந்தது அவள்தான். துணைக்கு அண்ணியையும் இழுத்துவிட்டிருந்தாள். இரண்டு பேரும் திரையை உற்று உற்றுப் பார்த்தார்கள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணி?"

"சரியா இருந்தா அந்த மனுஷன் ஏன் வந்து குதிக்கிறாரு?"

மறுநாள் மாலை நூலகத்துக்குப் போனார்கள். அங்கே ஜன்னலோர மேசையில், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு உதவ ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். குடிநீர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள். யார் வந்தாலும் "கமா விட்டுட்டீங்களா பாருங்க" என்றே ஆரம்பிப்பதால் அவளுக்குக் கமா என்று பெயர். அடுத்தவர் கீபோர்டைத் தொடவே மாட்டாள்.

"நீங்களே சத்தமா படிங்க. எந்த எண்ணுல ஆரம்பிக்குது?"

"ஒண்ணுல."

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். வரிசையில முதல் ஆள் பூஜ்யம். நீங்க ரெண்டாவது ஆள்கிட்டேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க."

அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல்ல வர்ற மனுஷனைப் போய் பூஜ்யம்னா நல்லாவா இருக்கு?"

கமா சிரித்தாள். "நானும் இதே கேள்வியைக் கேட்டு, எங்க டீச்சர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எல்லாருக்கும் வர்ற தப்புதான். திருத்தினதும் உங்க நம்பருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்க. அப்புறம் மத்தவங்களுக்கு."

கடைசியில் சொன்னது அண்ணியின் காதில் விழவில்லை. எழுந்து பாதி வழி போயிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை, ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து அந்த இடத்தை அழித்துப் புதிதாக எழுதினாள். பூஜ்யம் என்று போட்டாள். இயக்கினாள். பஸ் வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்திருந்த நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள்.

போன் அடித்தது. நடுவர்.

"வர்றேம்மா! ஷத்தியமா வர்றேன்! நிறுத்துங்க!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் டிங் டிங் டிங் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துவது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"ஒண்ணுகூட வரலைன்னு ஷொன்னதுக்கு இப்படியாம்மா பழிவாங்குவீங்க?" என்றார் நடுவர், டிங் ஓய்ந்ததும். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சோதித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்து நிமிர்ந்தபோது நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதடீ. மானம் போகுது."

"சரி அண்ணி, சத்தமா படிங்க. கமா சொன்ன மாதிரி."

அண்ணி கம்ப்யூட்டரை மறுபடி உயிர்ப்பித்துப் படித்தாள். பூஜ்யத்தில் ஆரம்பி. வரிசை முடியும்வரை செய். அந்த எண்ணில் இருக்கும் ஆளுக்குச் செய்தி அனுப்பு.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"வண்டி முதல் ஸ்டாப்லயே நிக்குதே அண்ணி! ரைட் சொல்ல ஆளே இல்ல. அடுத்த ஸ்டாப்புக்கு எப்படிப் போகும்?"

அண்ணி வாயில் கை வைத்தாள். எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்த ஆளுக்கு நகரச் சொல்லும் வரி முன்பு இருந்தது. பூஜ்யம் போடும் அவசரத்தில் அதையும் சேர்த்து அழித்திருக்கிறாள். திரும்ப எழுதினாள். இந்த முறை தன் நம்பருக்கும் நாத்தனார் நம்பருக்கும் மட்டும் அனுப்பினாள். ஆளுக்கு ஒன்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இருவரும் சற்று நேரம் போன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கே இன்னொன்று வந்துவிடுமோ என்று.

நடுவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பிய பிறகுதான் அண்ணிக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே நடுவர் வாசலில் நின்றார். டாக்டரம்மா புதுப்பல்லை வைத்து முடித்ததும் நடுவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். "சோதிச்சுப் பார்க்கணும் டாக்டர். இந்தம்மாகிட்ட கத்துக்கிட்ட பாடம்." ஊதினார். காத்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். ஒரு குழந்தை கைதட்டியது.

சனிக்கிழமை நூலகத்தில் அண்ணி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிளக்கைப் பிடுங்கிய இடத்தில் கமா கண்ணில் நீர் வரச் சிரித்து, "நான் மெயின் ஸ்விட்சையே அணைச்சு ஆபீஸ் முழுக்க இருட்டாக்கினவ" என்றாள்.

"அது இருக்கட்டும், என் கதைக்கு வாங்க," என்று நாத்தனார் தன் லேப்டாப்பை நடுவே தள்ளினாள். பஸ் வரும் நேரத்தைக் கணக்கிட அவள் எழுதிய புரோகிராம், ஐந்து நிமிடத்தோடு ஐந்து நிமிடத்தைக் கூட்டி ஐம்பத்தைந்து என்று காட்டியது.

கமா வாயைத் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ம், சத்தமா படி."