பன்னிரண்டு விக்கல்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளை விக்கலை வைத்துத்தான் எடை போடுவார்கள். எங்கேயோ ஓர் ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலும் சரி, சும்மா மனதில் நினைத்தாலும் சரி, இங்கே உங்களுக்கு ஒரு விக்கல் வரும். விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று வீட்டில் சொல்வோமே, அதேதான். அதற்கு ஒரு கமிட்டி போட்டு, பதவியோடு முடிச்சும் போட்டுவிட்டார்கள். வந்த விக்கல் நின்றுவிடக் கூடாது என்பதால் கட்டடத்தில் குடிதண்ணீர் கிடையாது.

வெற்றிச்செல்விக்கு அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு விக்கல் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவளுடைய தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தைப் பாய் மாதிரி சுருட்டிவிடுவார்கள். கூடம் போனால் அவள் கண்டுபிடித்ததும் செல்லாது.

அவள் கண்டுபிடித்தது இதுதான். ஓட்டைப்பாறை என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பல் கறுத்து, முட்டி வளைந்துகொண்டிருந்தது. எந்த அடிபம்புத் தண்ணீரால் என்று வருஷக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்து, குடிக்கக் கூடாது என்று அந்தப் பம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்க வைத்தாள். இப்போது அந்த ஊரில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓடுகிற பிள்ளைக்கு விஞ்ஞானியை நினைக்க நேரம் ஏது? கெட்ட தண்ணீரைக் குடித்தால்தானே யாரையாவது நினைத்துத் திட்டத் தோன்றும்.

கமிட்டி அறைக்குப் போகும் காரிடார் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. விக்கல் குறைந்தவர்களுக்கு அது அப்படித்தான் நீளும். சொட்டுத் தண்ணீர் இல்லாத கட்டடம் அவளுக்குத் தண்ணி காட்டியது. பக்கத்து அறை இன்னாசிமுத்துவின் கதவு மட்டும் கூடவே வந்தது. கதவில் சாய்ந்தபடி அவரும் வந்தார்.

"எத்தனை ஆச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆகல சார்."

"அதுக்குத்தான் எங்க குரூப்புல சேருங்கன்னேன். டீ டைம்ல எட்டு பேரை நினைக்கணும். அந்த எட்டு பேரும் உங்களை நினைப்பாங்க."

"அவங்க என்ன ஆராய்ச்சி பண்றாங்க?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் இன்னாசிமுத்து. அப்போதே அவருக்கு ஒரு விக்கல் வந்தது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் சேதுமாதவன். ஒவ்வொரு விக்கலுக்கும் அவருடைய நாற்காலி ஒரு விரற்கடை உயரும். அவருடைய செருப்பு ஏற்கெனவே மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே லில்லி நின்றாள். விக்கல் எங்கிருந்து வந்தது என்று மோந்து பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம்.

வெற்றிச்செல்வி உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

"உங்களையே நினைச்சுக்காதீங்க மேடம்," என்றாள் லில்லி. "அது செல்லாது."

அப்போது வந்தது ஒரு விக்கல். உடம்பையே தூக்கிப்போடுகிற விக்கல். வெற்றிச்செல்வியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஊதுங்க மேடம்."

ஊதினாள். லில்லி மோந்து பார்த்தாள். "அடிபம்பு வாசனை. ஓட்டைப்பாறையில யாரோ ஒரு அம்மா குடத்தை இடுப்புல வைக்கிறப்ப உங்களை நினைச்சிருக்காங்க."

"அப்ப எழுதிக்கோங்க!"

"அந்தம்மா கட்டுரை எழுதுவாங்களா?"

"எப்படி எழுதுவாங்க?"

"அப்ப இது வெறும் விக்கல் மேடம்."

அநியாயத்தைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டி வளைவது சம்மணம் போட்டுச் சாப்பிடுவதால்தான் என்று வாய் கூசாமல் எழுதினவரே இந்தச் சேதுமாதவன்தான். அது தப்பு, சுத்த உளறல் என்று உலகமே மறுத்து எழுதியது. மறுக்க வேண்டுமென்றால் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? திட்டினாலும் விக்கல் விக்கல்தான். வெற்றிச்செல்வியே தன் முதல் கட்டுரையில் அந்த மனுஷரின் பெயரை ஒன்பது இடத்தில் சொல்லிக் கிழித்திருந்தாள். ஒன்பது விரற்கடை! அந்த நாற்காலியை அவளும்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

மதிய மணி அடித்தது. சுருட்டிய பரிசோதனைக்கூடத்தைக் கொண்டுவந்து மூலையில் சாத்தினார்கள். பச்சைப் பெயின்ட் டப்பாவோடு ஒரு பெயின்டர் வந்தார். குடிக்கலாம் என்று அந்தச் சிவப்புப் பம்புகளுக்குப் பச்சை அடிக்கச் சொல்லித் தலைவர் தன் வாயால் உத்தரவு போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"பிள்ளைங்க கால் சார் அது!" என்று கத்தினாள் வெற்றிச்செல்வி. "மறுபடியும் வளையும். உங்களுக்கு நெஞ்சு பதறலையா?"

சேதுமாதவன் மேலேயிருந்து குனிந்து பெயின்டரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷா என்று அடிவயிற்றிலிருந்து அவரை நினைத்தாள்.

"பச்..." என்றார். விக்கல் வந்து மிச்சத்தை விழுங்கியது. நாற்காலி உயர்ந்தது.

"பச்..." மறுபடியும் விக்கல்.

"ஊதுங்க சார்," என்று அண்ணாந்தாள் லில்லி. அவர் ஊதினார். "மேடம் வாசனை. முறையான ஆராய்ச்சியாளர். செல்லும்."

கமிட்டி கை தட்டியது. தலைவரின் தலை இடிக்காமலிருக்கக் கூரை மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

"ஐயாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார் பெயின்டர்.

வெற்றிச்செல்வியின் பையில் நல்ல பம்பில் பிடித்த தண்ணீர் பாட்டிலில் இருந்தது. நீட்டினாள். "குடிங்க சார். நின்னுடும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். தன் நாற்காலியின் உயரத்தையும் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கோபம் இருக்கிறவரை அந்த ஆள் உயர்ந்துகொண்டே போவார். ஆனால் வாய் திறக்க முடியாது. பம்பும் சிவப்பாகவே இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கோபப்பட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்து போனது. பெயின்டர் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னாசிமுத்துவின் கதவு வந்து பக்கத்தில் நின்றது.

"இன்னுமா மேடம் கோபம்? உடம்புக்கு ஆகாது. விட்டுடுங்க."

"ஒரு உதவி சார். பத்து நிமிஷம் இவரைத் திட்டிக்கிட்டு இருங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

"எனக்கு எத்தனை விக்கல் கிடைக்கும்?"

"ஒண்ணுகூடக் கிடைக்காது."

இன்னாசிமுத்து யோசித்தார். நடுவில் அவருக்கு எட்டு விக்கல் வந்தது. டீ டைம். பிறகு பாட்டிலுக்காகக் கையை நீட்டினார். முழுசாகக் குடித்தார். விக்கல் நின்றது. கதவை விட்டு வெளியே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"முட்டியிலேர்ந்து ஆரம்பிங்க."

வெற்றிச்செல்வி டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சாதம் புளித்துப்போயிருந்தது. சாப்பிட்டாள்.

"பச்..." என்று எங்கேயோ உயரத்திலிருந்து கேட்டது.