சிவப்பு வட்டம் போட்ட பேர்

சேத்தூர் பஸ் ஸ்டாப் சுவரில் மகாலட்சுமியின் அப்பா காமராஜ் நேற்றுச் சாயங்காலமே செத்துப்போயிருந்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். நிஜத்தில் அவர் ராஜபாளையத்தில் மில்லின் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். போஸ்டரைச் சுரண்டியெடுக்க வாளித் தண்ணீரும் தோசைக்கரண்டியுமாக வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டாள். போஸ்டரின் அடியில் கையகலத்துக்கு ஒரு துண்டைக் காணோம். யாரோ பிளேடு வைத்து அளந்து அறுத்து எடுத்திருந்தார்கள். அங்கேதான் 'தம்பி பாண்டிச்செல்வம்' என்ற பேர் இருந்தது. அதைச் சுற்றி அவளே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் அவள் எடுக்கிற குறும்படம் ஒரு திரில்லர். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒருவன் தன் சாவுப் போஸ்டரைத் தானே பார்க்கிறான். துக்கம் தெரிவித்தவர்களில் ஒரு பேருக்கு மட்டும் வட்டம். அவன்தான் கொலைகாரன். பார்க்கிறவன் மனதில் முதல் நிமிடமே சந்தேகத்தைப் போட்டுவிட வேண்டும், அப்புறம் அது தானே வளரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கேட்காத கதாநாயகனாக அப்பா கிடைத்தார். சந்தேகப்படத் தோதாக ஒரு பேர் வேண்டியிருந்தபோது, யோசிக்கவே இல்லை, சித்தப்பா பேர் கைக்கு வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்? வீட்டில் மோட்டார் புகைந்தாலும் முருங்கை பட்டுப்போனாலும் அவர் கண்ணுதான் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய சடங்குப் பத்திரிகையில் சித்தப்பா பேர் இல்லை. அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்றார் அப்பா. அண்ணன் வேண்டுமென்றே விட்டான் என்றார் சித்தப்பா. அதோடு பேச்சு நின்றது. ஷூட்டிங் அன்று வட்டத்தைப் பார்த்த அப்பா, "பொருத்தமாத்தாம் போட்டிருக்க" என்று சிரித்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒட்டிய இரண்டு போஸ்டரையும் அன்றைக்கே கிழித்துவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்றாவதை, சேத்தூர்க்காரனான கேமராமேன் ராம்கி, ஒரு லாங் ஷாட்டுக்கு என்று தன் ஊரிலேயே ஒட்டியிருக்கிறான். மழை வரவும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான். சித்தப்பா இருப்பதும் அதே ஊரில்தான்.

"சும்மா ஒரு பேருன்னுதான சொன்ன? உங்க சித்தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கூட வந்து நின்ற ராம்கி.

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், கேட்காமலேயே சொன்னார். "நம்ம பாண்டிச்செல்வம்தாம்மா. விடியக்காலம் வந்து செத்த நேரம் நின்னு பாத்தாரு. பொறவு எங்கிட்ட பிளேடு கேட்டாரு. மாலையும் கையுமா ராஜபாளையம் பஸ்ல ஏறிட்டாரு. மூஞ்சியே சரியில்ல."

அவளுடைய கதையிலும் மூன்றாம் பக்கத்தில் கொலைகாரன் தன் பேரை அறுத்து எடுத்து ஒளித்துவைக்கிறான். அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. "ஏலே ராம்கி, வண்டிய எடு" என்றாள்.

வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் சேறு அப்பிய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. எடுக்காத போன், பாதிக் கதவு, தெரியாத செருப்பு எல்லாமே அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய காட்சிகள்தான். எழுதும்போது பயமாக இல்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கண்ணில் தூக்கக் கலக்கம். சித்தப்பா கீழே தரையில், மடியில் மாலையோடு. அழுது முடித்த முகம். அடுக்களை வாசலில் அம்மா காபி டம்ளரை வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"நான் சாகலலே. சினிமாலே அது" என்றார் அப்பா. எத்தனையாவது தடவையோ.

"அதாந் தெரிஞ்சு போச்சுல்ல." சித்தப்பா சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். ஈரமாக இருந்தது. "கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வாரதுன்னு நெனச்சேன்ணே. பாத்தா எம்பேரு போட்டிருக்கு, அதுவும் மொதப் பேரா. எவனும் கேட்டா காட்டலாம்னு அறுத்துக் கொண்டாந்தேன்."

மகாலட்சுமிக்கு நிற்கிற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தச் செவப்பு வட்டம் எதுக்கு பாப்பா?"

ராம்கி வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

"அச்சகத்துக்காரனுக்குப் போட்டதுலே" என்றார் அப்பா. "போன மட்டந்தான் விட்டுட்டான், இந்த மட்டமாவது விடாதன்னு வட்டம் போட்டுக் குடுத்துச்சு புள்ள. கிறுக்குப்பய, அதையும் சேத்து அச்சடிச்சிட்டான்."

கொஞ்சமும் தடுமாறாத குரல். ஆறு வருடத்துக்கு முன்னாலும் அவர் இதே குரலில்தான் அச்சகத்துக்காரனைச் சொன்னார் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சித்தப்பா தலையாட்டினார். துண்டைத் தொடைமேல் விரித்துக் கட்டைவிரலால் சுருக்கம் போக நீவினார். அச்சடித்த பேர் அப்படியே இருந்தது. வட்டம் மட்டும் கரைந்து விரலோடு வந்தது. அவர் விரலை ஒரு தடவை பார்த்தார், அண்ணனை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்மாவிடம் கை நீட்டினார். அவர் வாங்கிப் பிடித்த எவர்சில்வர் டம்ளரில் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்தது.