நடக்கச் சொன்ன மாப்பிள்ளை

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். மயில்வாகனம் என்னை மலையில் நடக்கச் சொன்னான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேசரியை வழித்துத் தின்றுகொண்டே சொன்னான்: "பாட்டெல்லாம் எனக்கு வேணாம் மாமா. ஆக்டிவ்வான பொண்ணா இருக்கணும். அவ்ளோதான்."

சென்னையில் ஏதோ கம்பெனியில் ஆபீசராம். அந்தக் கம்பெனிக்கு ஏற்காட்டில் ஒரு விடுதி இருக்கிறதாம். மே மாத லீவில் எல்லோரும் அங்கே போய்த் தங்கலாம். மலைக்காட்டுக்குள் ஒரு ஏரி இருக்கிறது. காலையில் கிளம்பி நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். அந்த நடையில் பெண்ணின் 'ஸ்டாமினா' தெரிந்துவிடுமாம். மாடு வாங்குகிறவன்கூடச் சந்தையிலேயே பல்லைப் பார்த்து முடித்துக்கொள்வான். இவனுக்கு ஒரு மலை வேண்டியிருந்தது.

என் ஸ்டாமினாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஏனாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் நான். பஸ் வராத நாளெல்லாம் நடந்துதான் போய் வருகிறேன். ஏரி காட்டுகிறானாம் ஏரி. செங்கல்பட்டு ஜில்லாவில் எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் ஒரு ஏரிக்கரையில் போய்த்தான் நிற்கும்.

எங்கள் நைனா கைலாசத்துக்கு மட்டும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஆவட்டும் மாப்ளே, போயிட்டு வந்துடலாம்" என்று தலையை ஆட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் காரணமும் தெரியும். வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. வயது இருபத்தைந்து ஆகிவிட்டது. போதாததற்கு என் பெயர் வள்ளி, அவன் பெயர் மயில்வாகனம். ஜாதகமே பார்க்க வேண்டாம், குமரகோட்டத்து முருகனே முடிச்சுப் போட்டுவிட்டான் என்று தெருவே பூரித்தது. நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக நைனா குழித்தறி நெசவை நிறுத்திவிட்டு, அம்மாவை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, என்னோடு சேலத்துக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை விடுதி வாசலில் மயில்வாகனம் தயாராகி நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும். கான்வாஸ் ஷூ, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா, தோளில் டிரான்சிஸ்டர். இமயமலைக்குப் போகிறவன்கூட இவ்வளவு மாட்டிக்கொண்டிருக்க மாட்டான். அவன் கம்பெனிக்காரர்கள் சிலர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஹைக்கிங் போறோம், ஹைக்கிங்!" என்று கத்தினான்.

அவன் அம்மா காமாட்சியம்மாள் வரவில்லை. முழங்கால் வலியாம். விடுதியிலேயே உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டுக்கு வேண்டியதைச் சரிபார்க்கிறேன் என்றாள். "எம் புள்ள வேகமா நடப்பான். கூடவே ஓடிக்கினு போம்மா" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினாள்.

முதல் அரை மைல் வேகமாகத்தான் நடந்தான். அதற்குப் பிறகு டிரான்சிஸ்டர் நைனாவின் தோளுக்குப் போனது. அடுத்த மேட்டில் தண்ணீர்க் கூஜா போனது. சாப்பாட்டுத் தூக்கு முதலிலிருந்தே நைனாவிடம்தான். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகிற பாதை. இரு பக்கமும் நிழல். மிளகுக் கொடி சுற்றிய மரங்கள். எங்கோ ஒரு பலா பழுத்து மணத்தது. எனக்கு ஓடலாம் போல இருந்தது. பின்னால் அவன் மூச்சு, துருத்தி ஊதுகிற மாதிரிக் கேட்டது.

"மெதுவா போ வள்ளி. நேச்சரை என்ஜாய் பண்ணத் தெரியணும்" என்றான்.

"நீங்க உக்காந்து என்ஜாய் பண்ணுங்க. நான் முன்னால நிக்கறேன்" என்றேன்.

நைனா என்னை முறைத்தார். பாவம், அவருக்கும் மூச்சு வாங்கியது. நாளெல்லாம் தறிக் குழியில் காலை விட்டுக் குனிந்து குனிந்து முதுகே வளைந்துபோன மனிதர்.

ஏரி வந்தது. அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன ஏரி. சுற்றிலும் காடு. தண்ணீர் அப்படியே நிலைத்து நின்றது. எங்கள் ஊர் ஏரிகள் மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும், மாடுதான் மேயும். இங்கே கோடையிலும் இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். சில்லென்று உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நைனாவும் வந்து என் பக்கத்தில் காலை நனைத்துக்கொண்டு, "அம்மா பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றார். அந்த நிமிஷம் நன்றாக இருந்தது.

மயில்வாகனம் டிரான்சிஸ்டரைத் திருகினான். அது கொர்ரென்று கரகரத்தது. "அசல் சுவிட்சர்லாந்து" என்றான், ஏதோ போன வாரம்தான் அங்கிருந்து திரும்பியவன் போல. நான் கட்டிவந்த மிளகு இட்லியில் முக்கால்வாசியை அவனே தின்றுவிட்டு, காரம் கொஞ்சம் தூக்கல் என்றான். பிறகு விரலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "நடையில நீ பாஸ். குக்கிங்ல இம்ப்ரூவ் பண்ணிக்கலாம்."

எனக்கு வாயில் வந்ததை நைனாவுக்காக விழுங்கினேன்.

அதன் பிறகுதான் அவனுக்குப் போட்டோ ஆசை வந்தது. கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஓரத்துப் பாறையில் ஒரு காலை வைத்து, இடுப்பில் கையை ஊன்றி, சிங்கத்தைச் சுட்டவன் மாதிரி நின்றான். பாறை பாசி பிடித்திருந்தது. வழுக்கி, சேற்றில் சப்பென்று உட்கார்ந்தான்.

"ஐயோ, காலு! காலு போச்சு!"

நைனா ஓடிப்போய்த் தூக்கினார். கணுக்காலைத் தடவிப் பார்த்தார். எனக்கு வீக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவன் விட்ட முனகலைக் கேட்டால் கால் தனியாகக் கழன்று வந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஷூவைக் கழற்றியாயிற்று. காலைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றான்.

"பக்கத்துல எஸ்டேட்டு இருக்குது நைனா. நான் ஓடிப்போய் ஆளுங்கள இட்டுக்கினு வரேன். கட்டில் கிட்டில் கட்டித் தூக்கிக்கினு வரட்டும்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமாயிடும் மாமா. இருட்டிடும்" என்றான் மயில்வாகனம். மணி அப்போது இரண்டுகூட ஆகியிருக்காது.

நைனா மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அவன் முன்னால் திரும்பிக் குந்தினார். "ஏறிக்குங்க மாப்ளே."

"சேச்சே, வேணாம் மாமா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் கை இரண்டும் நைனாவின் கழுத்தைச் சுற்றியிருந்தன.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தடவை தயங்குவான், ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. பஸ்ஸில் இடம் பிடித்தவன் போல வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

கூஜா, தூக்கு, டிரான்சிஸ்டர், கேமரா, அவனுடைய ஷூ எல்லாவற்றையும் நான் சுமந்தேன். நைனா அவனைச் சுமந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். கழுத்து நரம்பு புடைத்து, காது மடல் சிவந்துபோயிற்று. இறக்கிவிடு நைனா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "சும்மா வாம்மா, மாப்ள காதுல வுழப்போவுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மேலே இருந்தவனோ உத்தரவு போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, கிளை, கிளை! குனிங்க. இன்னும் கொஞ்சம் குனிங்க."

கோயிலில் மயில் வாகனம் முருகனோடு வள்ளியையும் சுமக்கிறது என்று ஊரெல்லாம் கும்பிடுகிறது. அந்த மரமயிலையும் சேர்த்து நாலு பேர் தோளில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசி வளைவு திரும்பினால் விடுதி. புல்தரையில் கம்பெனிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வளையம் எறிந்து விளையாடுகிற சத்தம் கேட்டது. மயில்வாகனம் நிமிர்ந்தான்.

"மாமா, இறக்குங்க. இறக்குங்க சீக்கிரம்."

இறங்கினான். என் கையிலிருந்து ஷூவைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினான். கேமராவைக் கழுத்தில் மாட்டினான். பிறகு விடுவிடுவென்று நடந்தான். நொண்டவில்லை. ஒரு பேச்சுக்குக்கூட நொண்டவில்லை.

நைனா நிமிர முடியாமல், இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன மிஸ்டர், இவ்ளோ லேட்டு?" என்று அங்கே ஒருவர் கேட்டார்.

"நான் எப்பவோ வந்திருப்பேன் சார்" என்று சிரித்தான் மயில்வாகனம். "பெரியவரால நடக்க முடியல. அவருக்காகத்தான் நின்னு நின்னு வந்தேன்."

எல்லோரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். நைனா அந்த வளைந்த முதுகோடு கையைக் கூப்பி, "ஆமாங்க, வயசாயிடுச்சு" என்றார். அவன் மேல் அருவருப்பு, இவர் மேல் அழுகை, எது முந்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் காமாட்சியம்மாள் தட்டை எடுத்து வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. "எம் புள்ளைக்குப் புடிச்சுப்போச்சு. பொண்ணு நல்லா நடக்கறாளாம்" என்று பெருமையாகச் சொன்னாள். மயில்வாகனம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மேலே கிடந்தது, பிசகியதாகச் சொன்ன அதே கால்.

"வாம்மா வள்ளி, ஒரு வார்த்தை சொல்லு" என்றார் நைனா. குரல் கெஞ்சியது.

"எனக்கு இஷ்டமில்ல நைனா" என்றேன்.

காமாட்சியம்மாள் வாயைப் பிளந்தாள். "இன்னாடி இது! எம் புள்ளகிட்ட இன்னா கொறையக் கண்ட?"

அவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நைனா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அவசரப்படாதம்மா. ஏதோ கொஞ்ச தூரம் தூக்கினேன். அதுனால இன்னா கெட்டுப்போச்சு? உன்னைக் கரையேத்தணும்னுதானே தூக்கினேன்."

"நீ கொஞ்ச தூரம் தூக்கினே நைனா. எறக்கி வுட்டுட்டே. நான் சாவற வரைக்கும் தூக்கணும். தூக்கிட்டு, என்னாலதான் லேட்டுன்னு அவன் ஊரெல்லாம் சொல்றதையும் கேட்டுக்கணும்."

நைனா என் கையை விட்டுவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, தட்டுக்கு எதிரில் போய் நின்றார். அங்கே உட்கார்ந்திருந்தவனின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லம்மா" என்றார் காமாட்சியம்மாளிடம். "எனக்கும் இல்ல."