முதுகு காட்டி நின்ற யுவராணி

கண்காட்சியின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பழைய மகாலின் மேற்குக் கூடத்தில் இருந்தவர்கள்: டிக்கெட் கிழிக்கும் இசக்கியம்மாள், படங்களை எடுத்த ராஜரத்தினம், மகாராஜபுரத்து ஆண்டிச்சாமி, அவர் மனைவி பாலம்மாள், அவர்களுடைய ஒரே மகள் யுவராணி. யுவராணி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் சுவரில் மாட்டிய படத்துக்குள் நின்றாள். பத்து நாளுக்கு முன் படத்தை மாட்டியபோது முழு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றவள், இப்போது பாதி திரும்பியிருந்தாள்.

ஆண்டிச்சாமி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இரண்டு ஏக்கர் நெல்லும் பதினெட்டுத் தென்னையும் வைத்திருந்தார். மகள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அங்கே தறி மெக்கானிக்காக இருந்த இம்மானுவேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் ஆண்டிச்சாமி சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனார். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல் மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு கரையேறி, தனக்குப் பிள்ளை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பாலம்மாளை இரண்டு நாத்தனார்கள் தோளில் கைவைத்து அமுக்கினார்கள். அவள் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபடியே முழுகினாள்.

அன்று மத்தியானத்திலிருந்து யுவராணி எல்லாப் படங்களிலிருந்தும் காணாமல் போனாள். பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவில் நாற்பத்திரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விழுந்தது. காதுகுத்துப் படத்தில் தாய்மாமன் மடியில் வெறும் பட்டுப்பாவாடை உட்கார்ந்திருக்க, ஆசாரி காற்றில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில், கல்யாணப் படத்தில் இம்மானுவேல் தனியாகச் சிரித்தான். பக்கத்தில் ஒரு மாலை அந்தரத்தில் தொங்கியது. அவன் செல்போனில் இருந்த படங்களும் அப்படியே. ஆதார் அட்டைக்குத் திரும்பப் படம் எடுத்துப் பார்த்தார்கள், நாற்காலி மட்டும் படத்தில் விழுந்தது. ஊரில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. முழுகினால் ஆள் போய்விடுவது எப்போதும் உள்ளதுதான், அந்தக் காலத்தில் போட்டோ இல்லாததால் வெளியே தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பொறவு அந்தப் பேச்சும் ஓய்ந்து, உரம் கிடைக்காத பேச்சு வந்தது.

ஒன்றே கால் வருடம் கழித்து யுவராணி பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. மகாராஜபுரத்துக்குச் செய்தி வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. கல்லறையில் படம் பதிக்க விட்ட வட்டத்தில் பதிக்கப் படம் கிடைக்காமல், இம்மானுவேல் ஒருநாள் மகாராஜபுரத்துக்கே பஸ் ஏறி வந்தான். வீட்டுக்குள் வராமல் தெருவில் நின்று, "மாமா, சின்னப்பிள்ளையில எடுத்தது ஏதாச்சும் ஒண்ணு, மங்கலா இருந்தாலும் போதும்" என்று கேட்டான். ஆண்டிச்சாமி உள்ளே போய் காதுகுத்துப் படத்தை எடுத்து வந்து காட்டினார். அவன் அந்தப் பாவாடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான்.

பாலம்மாள் அழுதது குறைவு. அவளுக்குக் கோபம் இருந்தது. தீபாவளி, பொங்கல், ஊர்ப்பொங்கல் எது வந்தாலும் அடுப்பைப் பார்த்து ஒரே விஷயத்தைச் சொல்வாள். "அப்பன் முழுகுனாரு, சரி. பெத்தவ நான் என்ன செஞ்சேன்? வயித்துப் பிள்ளையோட ஒரு எட்டு வந்து எம் மூஞ்சியப் பாத்துட்டுப் போகணும்னு தோணலையே அவளுக்கு. கல்லு நெஞ்சுக்காரி." ஆண்டிச்சாமி அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

மகால் கட்டியவரின் பெயர் வாசல் பலகையில் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கக்கூடிய தூண்கள், மேலே புறாக்கள். சித்திரையில் புத்தகக் கண்காட்சி, ஆடியில் சேலைக் கண்காட்சி, நடுவில் பரதநாட்டிய அரங்கேற்றம், சதுரங்கப் போட்டி. இந்த வருடம் ராஜரத்தினம், இருபது வருடமாக மகாலில் நடந்த விழாக்களைத் தான் எடுத்த படங்களை மாட்டினார். அதில் ஒன்று ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒயிலாட்டம். ஆளுயரப் படம். தூரத்தில் ஆடுபவர்கள் கலங்கலாகத் தெரிய, அவர்களுக்குப் பின்னால் மேற்கு வாசல் கதவு திறந்திருக்க, முன்னால் தூணோரம் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கிறாள். ஆண்டிச்சாமியின் அக்கா மகன் பாண்டிதுரை அதைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, நம்ம யுவராணி கணக்கா ஒரு பிள்ள நிக்கி" என்றான்.

மூன்றாம் நாள் ஆண்டிச்சாமி போனார். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கும் நிற்பைப் பார்த்தார். இடது குதிகாலில், பிறைபோல, கதிர் அரிவாள் பட்ட தழும்பைப் பார்த்தார். ஏழு வயதில் அந்தக் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டவர் அவர்தான். இந்த ஒரு படத்தை மட்டும் கண்மாய் எப்படி விட்டுவைத்தது என்று அவர் கேட்டதற்கு, முகம் இல்லாததால் ஆள் யாரென்று தண்ணீருக்குத் தெரிந்திருக்காது என்றார் ராஜரத்தினம். இருக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

ஆண்டிச்சாமி படத்துக்கு முன் விறைப்பாக நின்று, "ஏட்டி, திரும்பு" என்றார். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னார். கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த தோள்பட்டையும் மறைந்தது. கூட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் விளக்குமாற்றை ஊன்றி நின்றாள்.

"அண்ணாச்சி, பரேடா எடுக்கீய? அது ரெண்டு நாளா எங்கிட்ட நல்லாத்தான் பழகுச்சு. எம் மருமக புராணத்தச் சொன்னேன், தலைய ஆட்டிக் கேட்டுச்சு. நீங்க அதட்டவும் ஒடுங்கிப்போச்சு பாருங்க."

"நான் என்னத்தச் சொல்ல?"

"வீட்டுச் சேதி இல்லையா? ஆடு மாடு இல்லையா? பிள்ளைககிட்ட பேசுனதே இல்லையாக்கும்."

உண்மையில் அவர் பேசியதில்லை. லீவில் வருவார், பள்ளிக்கூட மார்க் கேட்பார், போய்விடுவார். அன்று வெகுநேரம் யோசித்து, "செவலை கன்னு போட்டுருக்கு" என்றார். சடைக்குப் பக்கத்தில் காதின் விளிம்பு தெரிந்தது. "கிடேரிக் கன்னு" என்றார். கம்மல் தெரிந்தது. அதன்பின் அவர் தினமும் வந்தார். காலை பஸ்ஸில் வத்திராயிருப்பு வழியாக வந்து, மகால் திறந்ததும் முதல் டிக்கெட் வாங்கி, அவளிடம் சொன்னார்: கிழக்கு மூலைத் தென்னையில் இடி விழுந்தது, வரப்புத் தகராறு தீர்ந்தது, அவளோடு படித்த கார்த்திகா போலீஸ் வேலைக்குப் போய்விட்டாள், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு சேதிக்கும் அவள் ஒரு நூலளவு திரும்பினாள். அம்மா சேதிக்கு மட்டும் இரண்டு நூல். வீட்டில் கேட்டதற்குப் பென்சன் ஆபீஸ் என்று சொல்லிவைத்திருந்தார். "பென்சன் ஆபீசுக்குப் போறவரு எதுக்கு தெனமும் சவரம் பண்ணிட்டுப் போறீய? அங்க என்ன பொண்ணா பாக்காக?" என்றாள் பாலம்மாள். முழு முகமும் வந்தபொறவு கூட்டிப்போய்க் காட்டலாம் என்பது அவர் கணக்கு.

எட்டாம் நாள் கன்னமும் கடைக்கண்ணும் தெரிந்து, அதோடு நின்றது. ஒன்பதாம் நாள் ஊரில் உள்ள அத்தனை பேரின் கல்யாணம், கருமாதி, கிணறு வெட்டியது எல்லாம் சொல்லித் தீர்த்தார். அசையவில்லை. மறுநாள் ஐந்தரைக்குப் படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிவிடுவார்கள். அடுத்த நாள் சேலைக் கண்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் பாலம்மாளிடம், "சேலைய மாத்து. யுவராணியப் பாக்கப் போறோம்" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பஸ் ராஜபாளையம் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோதும் கேட்கவில்லை.

மேற்குக் கூடத்து வாசலிலேயே அவள் செருப்பைக் கழற்றினாள். படத்துக்கு முன் தரையில் உட்கார்ந்து, முதலில் குதிகாலைப் பார்த்தாள், பொறவு கழுத்தை. "ஒல்லியாப் போயிட்டியேட்டி" என்றாள். அப்புறம் மத்தியானம் வரைக்கும், பொறவு நாலு மணி வரைக்கும், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். யுவராணியும் அசையவில்லை. ஐந்து மணிக்கு ராஜரத்தினம் ஏணியோடு வந்தார். வேறு படங்களைக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஆண்டிச்சாமிக்குச் சொல்ல ஒரே ஒரு வீட்டுச் சேதி பாக்கியிருந்தது.

"பங்குனி மாசம்" என்றார், படத்தைப் பார்த்து. "உங்க அம்மா நடவுக்குப் போயிருந்தா. மத்தியானம் பன்னெண்டு இருக்கும். நீ வந்த. வயிறு இம்புட்டு இருந்துச்சு. 'அப்பா, அம்மா இல்லையா, செத்த நேரம் உக்காந்து அவளப் பாத்துட்டுப் போயிருதேன்'னு சொன்ன. நான் சோத்துல கைய வச்சிருந்தேன். எந்திரிச்சு வந்து கதவச் சாத்துனேன். தாப்பாளும் போட்டேன். தண்ணி கேட்ட. மூணு மணி பஸ்ஸு வார வரைக்கும் வெயில்ல நின்ன. நான் உள்ளதான் இருந்தேன். பதினெட்டாம் நாளு நீ போயிட்ட. உங்க அம்மாகிட்ட நீ வந்தத சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

கூடத்தில் புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. பாலம்மாள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்தியாட்டி?" என்று படத்திடம் கேட்டாள்.

யுவராணி திரும்பினாள். இசக்கியம்மாள் பார்த்தாள், ராஜரத்தினம் பார்த்தார். இருவரும் பின்னாளில் தனித்தனியாகச் சொன்ன அடையாளங்கள் ஒத்துப்போகின்றன: மேலுதட்டில் வியர்வை, மூக்கின் இடப்பக்கம் மச்சம், வெயிலில் நின்ற களைப்பு. அவள் அம்மாவை மட்டும் பார்த்தாள். படத்துக்கு இடப்பக்கம் நின்ற ஆண்டிச்சாமிக்குப் பழைய காதும் கன்னமும்தான் தெரிந்தன. அவர் வலப்பக்கம் வந்து பார்த்தார். அங்கிருந்தும் அதே காது, அதே கன்னம். குனிந்து, மனைவி தோளுக்குமேல் தலையை வைத்துப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

அதன்பின் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். பாலம்மாளின் பெயரை ரேஷன் கார்டில் என்ன செய்வது என்று ஒரு வருடம் குழப்பம் இருந்தது. இறக்கவில்லை, ஆகவே இறப்புச் சான்று இல்லை. குடிபெயர்ந்தார் என்று போட்டால் புது விலாசம் கேட்டார்கள். கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் பங்குச் சர்க்கரையை ஆண்டிச்சாமி இன்றும் வாங்குகிறார். ராஜரத்தினம் அந்தப் படத்தைச் சுருட்ட மனமில்லாமல் மகாலிலேயே விட்டுப்போனார். சேலைக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி, எது நடந்தாலும் ஆண்டிச்சாமி டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, அதற்கு முன் உட்கார்ந்து, கன்று வளர்ந்து சினையானதைச் சொல்கிறார். சதுரங்கம் விளையாட வருபவர்கள் அவரைச் சுற்றிப் பலகை போட்டுக்கொள்கிறார்கள். வாசலில் கிடந்த செருப்பை இசக்கியம்மாள் துடைத்து வைத்திருக்கிறாள்.

அன்று மாலை பாலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகினாள். படத்தின் அடிச்சட்டம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. "பாத்து மதினி, சட்டத்துல ஆணி இருக்கு" என்று இசக்கியம்மாள் கை கொடுத்தாள். ஆண்டிச்சாமி, "ஏட்டி பாலம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவள் ஒரு காலை உள்ளே வைத்தபடி, "எம் பிள்ளகூட செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்றாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கூட்டத்தின் ஓரமாக, ஒயிலாட்டக்காரர்களைச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி மேற்கு வாசலுக்கு நடந்தார்கள். ஐந்து வருடமாகத் திறந்திருந்த கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.