சிவப்பு அம்பு

விதவை என்ற போர்க்கப்பலின் இரண்டாம் பீரங்கிக் கோபுரம் தினமும் பிற்பகலில் தீப்பிடிக்கிறது. உள்ளே இருக்கும் மாலுமிகள் வெந்தும் மூழ்கியும் சாகிறார்கள். ஐந்து மணிக்குள் எல்லாம் அடங்கிவிடுவதால் மியூசியத்தை ஐந்தரைக்குப் பூட்டுகிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை என்று வாசல் பலகையில் எழுதியிருப்பது பார்க்க வருபவர்களுக்குத்தான், தீக்கு அல்ல.

கடற்படை வைத்த பெயர் கப்பலின் பின்பக்கத்தில் ஆளுயர எழுத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் பருத்தி ஆலை வேலைக்கு வந்து குடியேறிய எங்கள் பெண்கள், ஆட்களையெல்லாம் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாக வந்து நிற்கிறாளே என்று அவளை விதவை என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. போர் முடிந்து இருபது வருஷம் கழித்து இழுவைப் படகுகள் அவளைக் கொண்டுவந்து பாலத்துக்குக் கீழே கட்டின. ஆலைகள் மூடிக் கிடந்த காலம். மியூசியம் வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று ஊரே கரையில் நின்று கைதட்டியது. திறப்பு விழா அன்றைக்கே, மேயர் பேசிக்கொண்டிருக்கும்போது, வூஸ்டரிலிருந்து வந்த ஒரு செருப்பு வியாபாரியின் காது, நாற்பத்து நான்காம் வருஷத்துப் போரில் தெறித்த இரும்புத்துண்டு பட்டு அறுந்து விழுந்தது.

தடுக்க முயலாமல் இல்லை. கோபுரத்துக்குள் சிமெண்டைக் கொட்டி நிரப்பினார்கள்; மறுநாள் சிமெண்ட் எரிந்தது. கீழே வெடிமருந்து அறையின் இரும்பு மூடியைப் பற்றவைத்து ஒட்டினார்கள். அன்றைக்குக் கப்பலின் எல்லாத் தகடுகளிலும் உள்ளேயிருந்து ஆட்கள் தட்டினார்கள். எதிர்க்கரை மாதாகோவில் வரை சத்தம் கேட்டது. பூசை நடத்த முடியாமல் பாதிரியாரே வந்து ஒட்டைப் பிரிக்கச் சொன்னார். காப்பீட்டுக்காரர்கள் பாஸ்டனிலிருந்து வந்து ஒரு பிற்பகல் முழுக்க நின்று பார்த்தார்கள். இது விபத்து இல்லை, போர், போருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் நிர்வாகம் புத்தியாக ஒன்று செய்தது. தளத்தில் மூன்று நிறத்தில் அம்புக்குறி வரைந்தது. வெள்ளை அம்பு மேல்தளத்துக்கும் சமையலறைக்கும் போகும். நீல அம்பு இயந்திர அறைக்குப் போகும். சிவப்பு அம்பு இரண்டாம் கோபுரத்துக்குக் கீழே போகும். எந்தச் சுற்று வேண்டும் என்பதை வருபவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வரும் காயமும் அவர்களுடையதே.

சிவப்பு அம்பில் யார் போவார்கள் என்று கேட்காதீர்கள். காதலியிடம் வீரம் காட்ட நினைக்கும் பையன்கள் போவார்கள். சண்டைப் படம் பார்த்துச் சலித்தவர்கள் போவார்கள். உள்ளே அந்த நாள் அப்படியே நடக்கும். மேலிருந்து தோல் கையுறைபோல உரிந்து தொங்கும் ஆட்கள் ஏணியில் உருண்டு வந்து விழுவார்கள். ஒருவன் தன் குடலைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு வந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி தாண்டிப் போவான். ஐந்து மணிக்கு அவர்களும் அவர்களுடைய ரத்தமும் கரைந்துபோகும். பார்க்கப் போனவர்களின் காயம் மட்டும் அப்படியே இருக்கும். அங்கிருந்து எதையும் வெளியே கொண்டுவரவும் முடியாது. கைக்கடிகாரம், ஜெபமாலை என்று சட்டைப்பையில் திருடிவந்தவர்களுக்கு, கரைக்கு இறங்கும் நடைபாலத்தில் கால்வைத்ததும் பையிலிருந்து துருத்தண்ணீர் வழிந்தது. அந்த நாளுக்குச் சொந்தமானது அந்த நாளுக்கே போய்விடும், இன்றைக்குச் சொந்தமானது இங்கேயே இருக்கும். இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த நாளில் வெடிமருந்து அறையின் மூடியை மூடியவன் ஆம்புரோஸ் சில்வியா. எங்கள் ஊர்க்காரன்தான். கோபுரத்துத் தீ கீழே இறங்கியபோது, மூடியை மூடு, உள்ளே கடல்நீரைத் திறந்துவிடு என்று போனில் உத்தரவு வந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். மூடியைத் திறந்துவைத்தால் காற்று உள்ளே போகும். காற்று போனால் மருந்து மூட்டைகள் வெடித்துக் கப்பலே சிதறும். இருபது வயதுப் பையன் மூடினான், கடல்நீரைத் திறக்கும் சக்கரத்தைத் திருப்பினான், தட்டுகிற சத்தம் நிற்கும்வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். மியூசியத்தில் அவனுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரு நாள்கூட அவனால் விடுப்பு எடுக்க முடியவில்லை. பிற்பகல் ஆனால் மூடியை மூட அவன் வேண்டும். இல்லாவிட்டால் கப்பலோடு ஆற்றங்கரையும் போய்விடும். நிமோனியா வந்தபோது நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். மனைவியின் அடக்கத்தை அவனுக்காகக் காலையிலேயே முடித்தார்கள். 

வாசலில் மலசாடா என்ற சர்க்கரை தூவிய பணியாரம் சுட்டு விற்கும் லியோனில்டா பாஷெக்கோ அவனுக்கு மட்டும் காபி தரமாட்டாள். மூடிக்குக் கீழே செத்தவர்களில் அவளுடைய அண்ணன் ஜெர்மானோ ஒருவன். பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் கால்சட்டையையும் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அவர்களுடைய அம்மா எர்மீனியா அதை ஒப்புக்கொள்ளவில்லை. துணி செத்துப்போகாது என்றாள், கல்லில் தேதி வெட்டவிடவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு ஜனவரியில், வெறும் கோட்டுக்குப் பக்கத்தில் என்னைப் படுக்கவைக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டுச் செத்தாள். எங்கள் பக்கத்தில் ஜனவரியில் யாரையும் புதைக்க முடியாது. தரை உறைந்து கல்லாகிவிடும். குளிர்காலத்துப் பிணங்களைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறைக்குள் அடுக்கி, மண் இளகும்வரை காத்திருப்போம். கிழவியும் அங்கே காத்திருந்தாள். மண் இளகுவதற்குள் அவள் பக்கத்தில் வைக்க ஏதாவது வேண்டும், லியோனில்டாவுக்கு அவ்வளவுதான் கெடு.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. கிளப்பில் பீர் குடிக்கும் ஆண்கள் ரொம்ப நாளாகப் பேசிவந்ததுதான். அங்கிருந்து பொருளைக் கொண்டுவர முடியாது, சரி. இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒரு கை, அந்த நாளின் ஆளையே பிடித்து இழுத்தால்? ஆம்புரோஸால் முடியாது, அவன் கை அந்த நாளைச் சேர்ந்தது. வேறு யாராவது முயலலாமே என்பார்கள். பேசியவர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை, இன்னொரு பீர் சொன்னார்கள்.

ஏப்ரலில், வெட்டியான் மண்ணில் கம்பியைக் குத்திப் பார்த்து இறங்குகிறது என்று சொன்ன வாரம், லியோனில்டா அடுப்பை அணைத்துவிட்டு டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள். ஜன்னலில் இருந்தவள் டோரீன், பிரெஞ்சுக் கனடாக்காரி, இளகிய மனசுக்காரி.

"லியோ, வெள்ளை அம்புல போங்க," என்றாள். "பல் டாக்டர் நாற்காலி, ஐஸ்கிரீம் மெஷின் எல்லாம் பாக்கலாம். இல்ல நீலத்துல போங்க, இன்ஜின் ரூமுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சாங்க."

"இருபது வருஷமா ஒன் ஜன்னலுக்கு எதிர்லதான் நிக்கிறேன். எந்த அம்பு எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? செவப்பு குடு."

"அங்க போயி என்ன பண்ணப்போறீங்க?"

"எங்க வீட்டு ஆளக் கூட்டிக்கிட்டு வரப்போறேன்."

அன்றைக்கு மாதாகோவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளை அம்பில் வந்திருந்தார்கள். காலையில் அவள் கடையில் மலசாடா தின்றுவிட்டு, சர்க்கரைக் கையோடு நடைபாலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள். அவள் அதைப் பார்த்தாள், ஆனால் அப்போது அதைப்பற்றி நினைக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஆம்புரோஸ் மூடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டான். மூடக்கூடாது என்று எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், கை என் பேச்சைக் கேட்பதில்லை என்றான். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். அவள் அவற்றை ஒரு குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். நாற்பது வருஷ வெறுப்பை வைத்துத்தான் கட்டினாள், அதை மறைக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேலே கோபுரம் அடிபட்டது. விளக்குகள் போயின. ஏணிவழியாக முதலில் புகையும் பின்னால் ஆட்களும் இறங்கினார்கள். ஒருவனுக்கு முகம் இல்லை, பற்கள் மட்டும் இருந்தன. சிவப்பு அம்பில் வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் தொடையில் இரும்பு பாய்ந்து அலறினான். போன் மணி அடித்தது. ஆம்புரோஸின் கைகள் மூடியைத் தேடிப் பெல்ட்டை இழுத்தன. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது மணிக்கட்டு முறிந்தது, முறிந்த கையும் இழுத்தது. லியோனில்டா திறந்து கிடந்த மூடியின் பக்கத்தில் குனிந்து, எரிகிற குழிக்குள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் ஏணியில் ஏறிவந்தான். பத்தொன்பது வயது, புருவம் கருகியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய, பருத்த, மாவுக்கறை படிந்த அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவளுக்கு அப்படியே அம்மாவின் முகம்.

"அம்மா," என்றான். "நீ ஏம்மா இங்க வந்த?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக, கனமாக, உயிரோடு இருந்தது. இழுத்தாள். மார்புவரை வந்தான், அதற்குமேல் வரவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு கீழே இன்னும் பல பேர் தொங்கினார்கள். அவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பின்னால் தீ மஞ்சளிலிருந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. காற்று அவளைத் தாண்டிக் குழிக்குள் ஊளையிட்டுப் போனது, அவள் தலைத்துணியையும் பிடுங்கிக்கொண்டு போனது.

"வெள்ளையாயிருச்சு," என்றான் ஆம்புரோஸ். "இனிமே நேரமில்ல லியோனில்டா."

அப்போதுதான் தலைக்குமேல் பிள்ளைகள் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. சமையலறைப் பக்கம் ஐஸ்கிரீம் மெஷினைப் பார்க்க ஓடுகிறார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அம்மா, விடாத," என்றான் ஜெர்மானோ.

அவள் விட்டாள். அவன் வலது கையால் குழி விளிம்பைப் பற்றிக்கொண்டான். அவள் மூடியைத் தள்ளினாள், அது மூடவில்லை. அதன்மேல் ஏறித் தன் முழுக் கனத்தையும் போட்டு மிதித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் பாதத்தில் கேட்டது. மூடிக்கொண்டது. பூட்டுக்கம்பிகளைத் திருகினாள், ஆம்புரோஸ் சொல்லச் சொல்ல சக்கரத்தைச் சுற்றிக் கடலைத் திறந்துவிட்டாள். கீழே தட்டினார்கள். ஒருவன் மட்டும் ஒற்றைக்கையால் தட்டினான், அது அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் நிரம்பிச் சத்தம் நிற்கும்வரை, ஆம்புரோஸ் அன்றைக்கு உட்கார்ந்திருந்ததுபோலவே, அவளும் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். இந்த வாயால் யாரைக் கொலைகாரன் என்று சபித்தோமோ, அவன் செய்ததைத்தான் நாமும் செய்தோம் என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஐந்து மணிக்குப் புகை போனது, ரத்தம் போனது, முகமில்லாதவன் போனான். மூடியின் விளிம்பில் நான்கு விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான், ஆலைத்தறி தின்ற நகம். அவள் அவற்றைத் தன் ஏப்ரனில் சுற்றிக்கொண்டு நடைபாலத்துக்கு வந்தாள். டோரீன், காவலாளி, பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் எல்லோரும் துருத்தண்ணீர் சொட்டுமென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொட்டவில்லை. போர் வெட்டியது கரையும், இவள் வெட்டியது எப்படிக் கரையும் என்றார்கள் அன்றிரவு கிளப்பில். அதற்குமேல் யாரும் அதை ஆராயவில்லை.

அந்த வாரமே அடக்கம் நடந்தது. வளர்ந்த ஆணுக்குச் சின்னப் பெட்டி செய்யமாட்டேன் என்று தச்சன் சொல்லிவிட்டதால் முழுப் பெட்டியில் வைத்து ஆறு பேர் தூக்கினார்கள். கனமாகத்தான் இருந்தது என்றார்கள். பழைய குழியைத் திறந்து, கோட்டை இந்தப் பெட்டிக்கு மாற்றி, அதன் வலது கை முடியும் இடத்தில் விரல்களை வைத்தார்கள். பக்கத்தில் எர்மீனியாவை இறக்கினார்கள். கல்லில் எந்த வருஷத்தை வெட்டுவது என்று கல்வெட்டுக்காரன் தலையைச் சொறிந்தான். லியோனில்டா இந்த வருஷத்தைப் போடச் சொன்னாள். அவனைக் கொன்றது நான், அது எப்போது என்று எனக்குத் தெரியும் என்றாள். பிறகு மாதாகோவில் கூடத்தில் எல்லோருக்கும் சோப்பாஸ், ரொட்டித்துண்டின்மேல் புதினா போட்ட மாட்டிறைச்சிச் சாறு. வந்தவர் யாராக இருந்தாலும் இல்லையென்று சொல்லக்கூடாத சாப்பாடு அது. கடைசி மேசையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஆம்புரோஸுக்கு அவளே ஊற்றினாள்.

அவன் மணிக்கட்டு சேரவே இல்லை. அது முறிந்ததோடு அந்த நாள் அவனை விட்டுவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து மூடியை லியோனில்டாதான் மூடுகிறாள். ஜெர்மானோ இப்போதும் ஏறிவருகிறான், அம்மா, விடாத என்கிறான். வலது கையில் விரல் இல்லாததால் அவனால் விளிம்பைப் பிடிக்க முடிவதில்லை, மூடி தடங்கல் இல்லாமல் இறங்கிவிடுகிறது. வாசல் கடையை ஆம்புரோஸ் இடது கையால் பார்த்துக்கொள்கிறான். அவன் சுடும் மலசாடா கொஞ்சம் கருகித்தான் இருக்கும், யாரும் குறை சொல்வதில்லை. வேலை முடிந்து அவள் மேலே வரும்போது அவளுக்கு ஒரு காபி ஊற்றிவைத்திருப்பான். அவள் நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பாள், ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள்.