ஒன்பதாம் நம்பரின் புள்ளி

சுரங்கத்துக்குள் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மேலே ஒரு அறையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவருடைய வேலை. பாறை அள்ளும் ஒவ்வொரு லோடர் வண்டியிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு டேக் மாட்டியிருக்கும். சுரங்கச் சுவர்களில் பதித்த ரீடர்கள் அதன் சிக்னலைப் பிடித்துத் திரையில் புள்ளியாகக் காட்டும். சிக்னல் வராத வண்டியை உள்ளே விடக்கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷெட்டில் நின்ற நான்காம் நம்பர் லோடரின் டேக் செத்துப்போனது. திரையில் அதன் புள்ளி ஷெட்டிலேயே உறைந்து நின்றது. அந்த வண்டியை ஓட்டுகிறவன் அவருடைய மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. புது டேக் வர ஒரு வாரம் ஆகும் என்று ஸ்டோரில் கையை விரித்துவிட்டார்கள்.

"வண்டி எடுக்கலைன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்க மாமா. ஏதாச்சும் பண்ணுங்க."

"ஒர்க்‌ஷாப்ல ஒன்பதாம் நம்பர் சக்கரம்கூட இல்லாம படுத்துக் கிடக்குதுல்ல, அதோட டேக்கைக் கழட்டி மாட்டிக்க மாப்ள. கம்ப்யூட்டர்ல நான் மாத்திடறேன்."

அவன் மாட்டிக்கொண்டான். இவர் மாற்றவில்லை. அதற்கான பாஸ்வேர்டு சுரங்க மேனேஜர் கையில் இருந்தது. கேட்டால் ஏன், எதற்கு என்று குடைவார். நாளைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்றே ஆறு நாள் ஓடிவிட்டது.

வார அறிக்கை வந்தது. நான்காம் நம்பர் ஆறு ஷிப்டும் ஷெட்டை விட்டு நகரவில்லையாம். அதிக நடை அடித்தது ஒன்பதாம் நம்பராம். வேலை செய்யாமல் வருகை மட்டும் போட்டதாக மச்சினனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

இவர் அலறியடித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"ஒன்பதாம் நம்பர் ரிப்பேர் முடிஞ்சு ஓடுதுன்னு தலைமை ஆபீசுக்குப் போன மாசமே எழுதிட்டேன். இப்ப புள்ளியும் ஓடுது. ஓடட்டும். டேக்கைக் கழட்டச் சொன்னது யாருன்னு நான் கேட்கல. நீங்களும் சொல்லாதீங்க. டேக்ல கை வச்சவனுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா?"

விசாரணையில் மச்சினன் கொஞ்சமும் பயப்படவில்லை. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே, டேக் மாற்றிய கதையை அவரே சொல்லிவிடுவார் என்று இருந்தான்.

"கீழ வேலை செஞ்ச பத்து பேரைக் கேளுங்க சார்."

"அவங்க எல்லாம் உன் கூட்டாளிங்கப்பா," என்றார் தலைமை ஆபீஸ் அதிகாரி.

"அப்ப மாமாவைக் கேளுங்க."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

"திரையில நாலாம் நம்பர் ஷெட்லதான் இருந்துச்சு சார்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"சக்கரமே இல்லாத வண்டிக்குப் பாராட்டு. ஓட்டினவனுக்குக் கல்தா. ரொம்ப நல்லாருக்கு மாமா."

வாசலில் ஹெல்மெட்டையும் விளக்கையும் ஒப்படைத்துவிட்டு அவரிடம் வந்தான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேச விடமாட்டா."

வீட்டில் சாப்பாடு போடும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். யாரு கேட்டாங்க?"

அவள் நம்பினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.