நவம்பரில் ஓடும் டயர்

“இந்தத் தடவை ஆல் சீசன் டயரே போட்டுடலாமே” என்று இர்மெலா சொன்னது ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தபோது. என் பக்கம் திரும்பாமல், முட்டையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள எங்கள் கேம்பர் வேனில் அடுப்பும் வரைபடமும் அவள் துறை. சக்கரம், பிரேக், எண்ணெய் எல்லாம் என் துறை. ஒருவர் துறையில் மற்றவர் தலையிட்டது கிடையாது.

“யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. படிச்சேன்.”

“எங்க?”

“எங்கயோ. உனக்கு உப்பு வேணுமா?”

வேண்டாம் என்றேன். பேச்சு உப்புக்கு மாறிய விதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் எங்கள் ஸாவர்லாந்து மலைப் பக்கத்தில் அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர், ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை கோடை டயர். இதில் யாரும் வாதம் செய்வதில்லை. அந்தந்தச் சனிக்கிழமைகளில் தெருவோடு நடந்தால் வீட்டுக்கு வீடு ஜாக்கி நிற்கும். கழற்றிய சக்கரத்தில் ‘முன் இடது’, ‘பின் வலது’ என்று சாக்குக்கட்டியால் எழுதி நிலவறைக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். ஆல் சீசன் டயர் என்பது வடக்கே சமவெளிக்காரர்கள் போடுவது. வெயிலிலும் அரைகுறை, பனியிலும் அரைகுறை என்பது எங்கள் ஊரின் தீர்ப்பு.

அதுவும் கேம்பர் வேனுக்கு! அது வருஷத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓடுகிற வண்டி. நம்பர் பலகையின் வலது ஓரத்தில் சின்னதாக 04, அதன் கீழே ஒரு கோடு, அதன் கீழே 10 என்று போட்டிருக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும்தான் வரியும் காப்பீடும். மற்ற மாதங்களில் அதைத் தெருவில் நிறுத்தினாலே அபராதம் என்பதால், எங்கள் ஊர் லுட்கரின் வைக்கோல் கொட்டகையில் போர்வைக்கு அடியில் தூங்கும். பனியையே பார்க்காத வண்டிக்குப் பனியிலும் ஓடுகிற டயர் எதற்கு?

ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றியது. வண்டியை விற்கப் போகிறவர்கள்தான் திடீரென்று டயர் மாற்றுவார்கள். ‘ஆல் சீசன் டயர், புதியது’ என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தால் வாங்க வருகிறவன் மயங்குவான்.

வேன் இர்மெலாவின் பெயரில் இருந்தது. விபத்தே செய்யாதவள் என்பதால் காப்பீட்டுச் சலுகை அவளுக்குத்தான் அதிகம். நான் பின்னால் எடுக்கும்போது ஒரு தபால் பெட்டியையும் ஒரு பாதிரியாரின் காரையும் இடித்தவன். ஆகவே என் கையெழுத்து இல்லாமலேயே அவள் அதை விற்க முடியும். இது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை உறைக்கவில்லை.

வீட்டில் நாங்கள் ஆளுக்கொரு அறையில் இருப்பவர்கள். அவள் மேலே வானொலி கேட்பாள், நான் கீழே ஏதாவது பழுது பார்ப்பேன். வேனில்தான் ஒரே மேசை, எதிரெதிரே இரண்டு பேர், நகர இடம் கிடையாது. எங்கள் பேச்செல்லாம் அங்கே நடந்ததுதான். அந்த மேசையை யாரோ ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தபோது முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் வெளியே போய் டயர்களைப் பார்த்தேன். ஒரு யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் செருகினேன். பொன்னிற விளிம்பு முழுக்க மறைந்தது. அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

“என்ன, டயருக்குப் பிச்சை போடுறியா?”

“தேயவே இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்.”

“தேயாது. பாதி வருஷம் தூங்குற டயர் எப்படித் தேயும்? ஆனா கிழடாயிடும். பக்கவாட்டுல நாலு எண் இருக்கும் பாரு, எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு. அதைப் பார்த்தியா?”

பார்த்தேன். டயருக்கு எட்டு வயது முடிந்திருந்தது. ரப்பர் ஓரத்தில் முடி அகலத்துக்கு வெடிப்புகளும் இருந்தன. அவள் சொன்னது சரி. ஆனால் என் கவலை அதுவல்ல. டயரின் வயதைப் படிக்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் லுட்கரைப் பார்த்தேன். கொட்டகைக்காரன், பள்ளியில் என் வகுப்பு.

“ரைனோல்ட், உன் இடத்தை இந்தக் குளிருக்கு ஒரு படகுக்காரருக்குக் கொடுத்துட்டேன். கோவிச்சுக்காதே.”

“யாரைக் கேட்டுக் கொடுத்தே?”

“உன் சம்சாரத்தைக் கேட்டுத்தான். அவங்களே வந்து வேண்டாம்னு சொன்னாங்களே.” அவன் என் முகத்தைப் பார்த்தான். “உனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? தெரியும்.”

“தெரியும்னா ஏன்டா ரொட்டியை அந்த அமுக்கு அமுக்குறே?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன். பின்னால் வந்து நின்றபோதுதான் கண்ணில் பட்டது. நம்பர் பலகை புதியது. அதே எழுத்து, அதே எண். வலது ஓரத்தில் 04, 10 இரண்டும் இல்லை. திருகாணிகள் பளபளவென்று இருந்தன. முன் பக்கமும் அப்படியே. வருஷம் முழுவதும் ஓட்டலாம் என்கிற பலகையோடு வண்டியை விற்றால், வாங்குகிறவன் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. அதனால் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே வேறு பக்கமாகப் போனேன்.

“டயர் பார்க்க எப்பப் போறே?”

“வியாழக்கிழமை. நீ வர வேண்டாம். உனக்கு அந்த ரப்பர் நாத்தம் ஆகாது.”

“ஆகும். வர்றேன்.”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி, வா” என்றாள். அந்தச் ‘சரி’யையும் அன்று இரவெல்லாம் புரட்டிப் பார்த்தேன்.

டயர்க்காரர் ஹென்னிங்கின் பட்டறை பழைய மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. வேன் உள்ளே நுழைந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வா இர்மெலா! அடடே, போல்மான் சாரும் வந்திருக்கீங்களா?”

அவளுக்கு ‘வா’, எனக்கு ‘சார்’. எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் பட்டறைக்காரரும் இவ்வளவு தூரம் நெருங்க, ஒன்று ஊர்த் திருவிழாவில் ஒரே மேசையில் பீர் குடித்திருக்க வேண்டும், அல்லது அவள் இங்கே பல தடவை வந்திருக்க வேண்டும். இர்மெலா பீர் குடிப்பதில்லை.

வண்டி லிஃப்டில் ஏறியது. ஹென்னிங் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். நான் குனிந்து பக்கவாட்டைத் தடவினேன்.

“பனிக்குறி எங்க? சேறு, பனின்னு வெறும் எழுத்து மட்டும் போட்டிருந்தா இப்பல்லாம் செல்லாது.”

“இதோ சார், மூணு மலை முகடு, நடுவுல பனிப்பூ. ரெண்டுலயும் இருக்கு.”

“செஞ்ச வாரம்?”

“இந்த வருஷம், வசந்தத்துல.”

“ஈர ரோட்டுல பிரேக் எப்படி?”

“நல்லாப் பிடிக்கும். அசல் குளிர்கால டயர் அளவுக்கு ஆழப் பனியில இழுக்காது, அதையும் சொல்லிடறேன். உங்க வீட்டுச் சரிவுல ஜனவரியில ஏறணும்னா இதை நான் கொடுக்க மாட்டேன்.”

“அப்ப யாருக்குக் கொடுப்பீங்க?”

“சார், நீங்க டயர் பார்க்க வந்தீங்களா, சாட்சி விசாரிக்க வந்தீங்களா?”

இர்மெலா சிரிக்கவில்லை. கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“சுமை எண்தான். இது 118, அது 121. அது இன்னும் பாரம் தாங்கும், ஆனா விறைப்பு. வண்டி லேசா இருந்தா குலுக்கி எடுத்துடும். இர்மெலா போன வாரம் ஜல்லிக் கிடங்குத் தராசுல எடை போட்டதை வெச்சுப் பார்த்தா 118 தாராளம். ஒரு ஆளுக்குத்தானே.”

“ஒரு ஆளுக்கா?”

ஹென்னிங் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “காபி கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காபி இயந்திரம் எங்களுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

“யாருக்கு விக்கிறே?” என்று கேட்டேன்.

“எதை?”

“வேனை. எவன் அந்த ஒரு ஆளு?”

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

“விக்கல. போறேன். அந்த ஒரு ஆளு நான்தான். நவம்பர்ல கிளம்பிப் போர்ச்சுகலுக்கு. மார்ச்ல வருவேன்.”

“தனியாவா?”

“உன்னைக் கேட்டேனே ரைனோல்ட். ஒவ்வொரு இலையுதிர் காலமும் கேட்டேன். அக்டோபரோட பலகை முடிஞ்சுதுன்னே. கோடை டயர்ல பிரான்ஸ் மலைப் பாதையில விட மாட்டான்னே. கொட்டகைக்கு முன்பணம் கொடுத்தாச்சுன்னே. சரின்னு நானும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்தேன். பலகை மாத்தியாச்சு. கொட்டகையை விட்டாச்சு. டயரும் இன்னைக்கு முடிஞ்சுதுன்னா அப்புறம் நீ என்ன சொல்றேன்னு பார்க்கலாம்னு இருந்தேன்.”

“என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நாலாவது ஒண்ணு கண்டுபிடிச்சிருப்பே.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நிமிஷமே, ஸ்பெயின் எல்லையில் காற்று பலமாக அடிக்கும், உயரமான வண்டி சாயும் என்று ஒரு காரணம் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம் போய் இன்னொன்று வந்துவிட்டது. என் காரணங்களை எடுத்தெறிந்தது என்னைக் கூட்டிப்போகவா, விட்டுவிட்டுப் போகவா?

“எடை போட்டப்ப என்னை ஏன் சேர்க்கல?”

“தராசுல நின்ன வண்டிக்குள்ள நான் மட்டும்தானே இருந்தேன். உன் சாமானையும் இறக்கி வெச்சுட்டுத்தான் போனேன். கருவிப் பெட்டி, ரெண்டாவது கேஸ் சிலிண்டர், வாசல்ல கட்டுற கூடாரம்…”

“கூடாரம் இல்லாமலா நாலு மாசம்?”

“பாரு, முதல்ல அதைத்தான் கேக்குறே. நான் எப்படி இருப்பேன்னு கேக்கல.”

ஹென்னிங் மூன்று கோப்பைகளோடு வந்தார். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

“இன்னொரு ஆளும் ஏறினா?”

“மொத்தம் மூணரை டன்னைத் தாண்டக் கூடாது சார், எந்த டயர் போட்டாலும். நீங்க ஏறினா உங்க சாமானுக்கு இடம் இல்ல. சாமான் ஏறினா உங்களுக்கு இடம் இல்ல. சாமான் இல்லாம நீங்க மட்டும்னா ஏறலாம். அப்பவும் பின்னாடி பாரம் கூடும், 121 போடுறது நிம்மதி.”

அவர் கணக்காகத்தான் சொன்னார். நான் இரண்டு டயர்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

“121 போடுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அவளைப் பார்த்த சந்தேகப் பார்வையை இப்போது இர்மெலா என் மீது திருப்பினாள்.

“எதுக்கு? கூடாரத்துக்கா?”

“கூடாரம் வேண்டாம்.”

“கருவிப் பெட்டி?”

“ஒரே ஒரு ஸ்பேனர்…”

“ரைனோல்ட்.”

“வேண்டாம்.”

“வழியில மழை பெஞ்சா, டயர் சரியில்லைன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“நிஜமாவே சரியில்லைன்னா?”

“அப்பவும்.”

ஹென்னிங் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் எதைத்தான் மாட்டட்டும்? அடுத்த வண்டி வெளியே நிக்குது.”

இர்மெலா காலணியின் நுனியால் அந்த விறைப்பான டயரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“121 போடு, ஹென்னிங்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அதனால நீ வர்றேன்னு முடிவாயிட்டதா நினைச்சுக்காதே. தனியாப் போறதுக்கு மனசைத் தயார் பண்ணி வெச்சிருக்கேன். அதை மாத்தணுமான்னு யோசிக்கணும். நவம்பர் வரைக்கும் நேரம் இருக்கு.”

“குலுக்குமே, நீ மட்டும் போனா.”

“குலுக்கட்டும்.”

முதல் சக்கரத்தின் நட்டுகள் ஒவ்வொன்றாகத் தகரத் தட்டில் விழுந்தன. நான் சரி என்றேன். கூட வேறு எதுவும் சேர்க்கவில்லை.